பதினைந்து வாட்ஸ் வெளிச்சம்

என் சகலை வீட்டு மீன் தொட்டியில் பதினொரு மீன்கள் இருந்தன. நான்கு தங்கமீன், மூன்று கறுப்பு மோலி, இரண்டு ஏஞ்சல், இரண்டு வாள்வால். அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அவர் வீட்டு நாற்காலியில் காபித் தம்ளரோடு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் நானே எண்ணியது. எண்ணி முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் காபி கசந்துவிடும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் தேறாதவர். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்க வேண்டும். செருப்பில்லாமல் போனால் இருநூற்று இருபது.

சாயங்காலம் அவர் தொட்டி விளக்கைப் போட்டால் தெருவில் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போவார்கள். தங்கமீன்கள் அடுப்புக் கங்கு போலச் சிவக்கும். கறுப்பு மோலி வெல்வெட் துணியில் வெட்டி எடுத்தது போல இருக்கும். அடியில் கரியாலூர் ஓடையிலிருந்து அவரே பொறுக்கி வந்த கூழாங்கற்கள். கல்வராயன் மலைக்கு நானும்தான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு கல்லைக் குனிந்து எடுக்க எனக்குத் தோன்றியதில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இதெல்லாம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்துச் சாலைகளை மூடிய வருடங்களில் நடந்தது. அந்தக் கதைக்கு வருமுன் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமனாருக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் நிலம். நெல், கொஞ்சம் கரும்பு. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணை முதலில் அறுவை செய்தார்கள். கண்ணில் தையல் இருக்கிறது, ஆறு வாரம் ஊருக்குப் போகக்கூடாது, கிணற்றடிக்குப் போய்க் குனியக் கூடாது, வாரம் ஒரு முறை காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மகள் வீடு இருக்கும்போது அப்பன் அங்கேதான் தங்குவார். எங்கள் பக்கத்தில் அதைப் பேசி முடிவு செய்வதுகூட இல்லை. வந்தார். நான்கு நாள் என் வீட்டில் இருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் சின்ன மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மறுநாள் அவருடைய துணிப்பையை வாங்கிப் போக ஆள் வந்தது.

நான் போய்க் கேட்டேன்.

“கோச்சிக்காதீங்க பெரிய மாப்ள,” என்றார். “இங்க கொஞ்சம் நல்லா கீது. ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்.”

இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று. என் மனைவி வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பினால் நாலு பேர் கேட்பார்கள், ‘கண்ணு ஆபரேசன் பண்ணிக்கினு எந்த வூட்ல இருந்த?’ என்று. அவர் சின்ன மாப்பிள்ளை பெயரைச் சொல்வார். அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்குப் பந்தியில் சோறு இறங்காது.

அவரை அங்கே பிடித்து வைத்திருப்பது எது என்று தெரிந்துகொள்ள மூன்று சாயங்காலம் அந்தத் தெரு வழியாக நடந்தேன். மூன்று முறையும் அவர் மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணுக்கு மேலே பச்சைத் துணி மறைப்போடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கும் அவர் மூக்குக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஆறு மணிக்கு உட்கார்ந்தவர் எட்டே முக்காலுக்கும் எழுந்திருக்கவில்லை.

மீன்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு சேலம் போய் ஒரு தொட்டி வாங்கினேன். அவருடையது இரண்டடி, என்னுடையது மூன்றடி. எட்டு தங்கமீன்களைத் தண்ணீர்ப் பையில் வைத்து மடியில் தாங்கிக்கொண்டு பேருந்தில் வந்தேன். சின்ன சேலம் தாண்டும்வரை பதினான்கு முறை எண்ணியிருப்பேன். எட்டும் உயிரோடு வந்து சேர்ந்தன.

மிச்சம் இருந்தது விளக்கு. வேறு வழியில்லாமல் சகலை கடைக்குப் போனேன். ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்கண்ணே. நீங்களும் தொட்டி வெச்சிருக்கீங்களாமே. இன்னா சைசு?”

“மூன்றடி,” என்றேன். ‘உன்னுடையதை விட ஒரு அடி அதிகம்’ என்பது அதில் இருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை.

“ஜோரு. லைட்டு மட்டும் பாத்துப் போடுங்க. ஒரு பதினஞ்சு வாட்ஸ் பல்பு போதும், பெருசா வேணாம். மூடி இருக்குது பாருங்க, அதுல முன்பக்கமா மாட்டுங்க. வெளிச்சம் மீன் மூஞ்சிமேல வுழணும். பின்னால மாட்னா நெழலு மாதிரி தெரியும், கலரு வராது.”

“பதினைந்தா?”

“ஆமாண்ணே. அதுவும் ராத்திரிக்கு அணைச்சிடணும். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் எரிஞ்சா ஜாஸ்தி. ஜன்னலாண்ட வெக்காதீங்க, வெயிலு பட்டா பாசி புடிச்சிக்கும். பின்னால கறுப்புக் காயிதம் ஒட்டிடுங்க. அவ்ளோதான்.”

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வாட்ஸில் அப்படி ஒரு சிவப்பு வருமா? மறைக்கிறார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்கு மூன்று வருடம் முன்பு ஊருக்கு வெளியே மனை போட்டபோது சகலை என்னிடம் வந்து, “வாங்கலாமாண்ணே?” என்று கேட்டார். அங்கே தண்ணீர் உப்பு என்று சொன்னேன். இரண்டு மாதம் கழித்து நானே அங்கே ஒரு மனை வாங்கினேன். தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் வைத்திருந்து, விளக்கில் தீர்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் குடும்பங்களில் சகலைகள் ஒருவருக்கொருவர் யோசனை கேட்பது, எதிராளி எதை மறைக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

அதனால் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே போனேன். தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டடி டியூப் லைட் இரண்டு. ஒவ்வொன்றும் இருபது வாட்ஸ். அவருடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மூடியில் பின்பக்கமாக மாட்டினேன். தொட்டியைக் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். கறுப்புக் காகிதத்துக்குப் பதில் வெள்ளைக் காகிதம். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன். காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை எரிய விட்டேன். பதினாறு மணி நேரம்.

கூடம் புதிதாகத் திறந்த துணிக்கடை போலப் பளீரென்று ஆயிற்று. மீன்கள் மட்டும் பலமுறை அலசிய துணி போல வெளுத்துவிட்டன. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அவற்றின் நிழல்தான் தெரிந்தது. எட்டும் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

மாமனாரைக் கூப்பிட்டு வந்தேன். வாசலைத் தாண்டியதுமே கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டார்.

“இன்னா மாப்ள, பகலு மாதிரி கீது.”

“உட்காருங்க மாமா. எட்டு மீன் இருக்கு.”

உட்கார்ந்தார். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஏழு நிமிடம். “கண்ணு கூசுது, நா வரேன்,” என்று எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய்விட்டார். அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் முன்பக்கம் ஒரு அறுபது வாட்ஸ் பல்பையும் சேர்த்து மாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் பச்சையாயிற்று. முதலில் லேசாக, பிறகு, மீன் முகத்தைக் கண்ணாடியில் கொண்டுவந்து வைத்தால்தான் மீன் இருப்பது தெரியும் என்கிற அளவுக்கு.

“இன்னாங்க,” என்றாள் என் மனைவி. அந்த விஷயத்தில் அவள் முதன்முதலாகப் பேசியது அதுதான். “கீரத் தண்ணில மீன வுட்டு வெச்சிக்கினு யாருக்குக் காட்டப் போறீங்க?”

அந்த வாரம்தான் சாலைகள் மூடின. எங்கள் பக்கத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பேருந்து இல்லை, தபால் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. போராடியவர்களில் என் மாணவர்களும் இருந்தார்கள், என் உறவுக்காரர்களும் இருந்தார்கள். காலையில் வானொலிச் செய்தி கேட்போம். அதில் சொன்ன எண்களை மட்டும் நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

மாமனாருக்கு ஆறு வாரம் முடிந்திருந்தது. விழுப்புரத்தில் மூக்குக் கண்ணாடி செய்து வைத்துவிட்டார்கள், கொண்டுவர வழியில்லை. நான் நலம் விசாரிக்கிற சாக்கில் சகலை வீட்டுக்குப் போனேன். கிழவர் வழக்கம்போலத் தொட்டி முன்னால் இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

“இதுல எந்த மீன் மாமா உங்களுக்குப் புடிக்கும்?”

“மீனா?” என்று என் குரல் வந்த பக்கம் திரும்பினார். “மீனு எனக்கு எங்க மாப்ள தெரியுது? கண்ணாடி போட்டாதான் தெரியும்னு சொல்லிக்கிறாங்க. எல்லாம் கலங்கின தண்ணி மாதிரிதான் கீது. உங்க மூஞ்சே தெரியல.”

“அப்புறம் ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க?”

“வெளிச்சம் கம்மி. கண்ணு கூசல. செவப்பா ஏதோ ஒண்ணு அப்படியும் இப்படியும் போய்க்கினு கீது. ஒரே இருட்டுல ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு அது ஒரு தொண.”

சமையலறையிலிருந்து சகலை மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதா மாமா? நைனாவுக்கு நாங்கதான கையப் புடிச்சி இட்டுக்கினு போறோம்.”

எனக்குத் தெரியாது. அறுவை முடிந்தது, ஆகவே பார்வை வந்துவிட்டது என்று கணக்கைப் போட்டு மூடி வைத்திருந்தேன். நான்கு நாள் என் வீட்டில் அவர் சுவரைத் தடவி நடந்ததை, தையல் போட்ட கண்ணுக்குப் பயந்து நடக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். என் கூடத்தில் மீன் வருவதற்கு முன்பே நாற்பது வாட்ஸ் டியூப் லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பயந்துதான் அவர் போயிருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நூறு அடிவரை நிம்மதியாக இருந்தது. சகலையின் பதினொரு மீன்களையும் அவர் பார்க்கவே இல்லை. நூற்றொன்றாவது அடியில் வேறொன்று உறைத்தது. கண்ணாடி வந்தால் பார்ப்பார். முதலில் பார்ப்பது எந்தத் தொட்டியை? அந்தக் கங்கு போன்ற மீன்களையா, என் கீரைத் தண்ணீரையா?

திரும்பி நடந்தேன். சகலை கடையைப் பாதி சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“தண்ணீர் பச்சையாகிவிட்டது,” என்றேன்.

“எத்தினி வாட்ஸு போட்டீங்க?”

“நூறு.”

அவர் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கச் சிரித்திருப்பேன். “அய்யய்யோ,” என்றார், மீனுக்காக. “எல்லாத்தையும் அணைச்சிட்டு, பாதி தண்ணி மாத்தி, மேல சாக்கு போட்டு மூடிடுங்கண்ணே. அஞ்சு நாளு. தொறக்கவே கூடாது. பாசி தானா செத்துரும். அப்பறம் இதப் போடுங்க.” உள்ளே போய் ஒரு பதினைந்து வாட்ஸ் பல்பை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

இந்த முறை நம்பினேன். அவசர அவசரமாக மூடியைக் கழற்றினேன், டியூப் லைட்டுகளைப் பிரித்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினேன், கறுப்புக் காகிதம் ஒட்டினேன், பல்பை முன்பக்கம் மாட்டினேன், இரண்டு கோணிச் சாக்குகளைப் போட்டு மூடினேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐந்து நாள் போக வேண்டும். அவ்வளவுதான்.

இனி எழுதப் போவதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. விடியற்காலையில் ரேடியோவின் காதைத் திருகிவிட்டு, சாலை இன்று திறந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு கிழவர் இருநூற்றுப் பன்னிரண்டு அடி தள்ளி இருட்டில் கண்ணாடிக்குக் காத்திருந்தார். ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பாசி சாக வேண்டும் என்று சாலை மூடிக் கிடக்க ஆசைப்பட்டேன். ஒரு நாள் அல்ல. நான்கு நாள்.

நான்காம் நாள் காலை சகலை வீட்டில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, உளுந்தூர்பேட்டைவரை கண்ணாடி வந்துவிட்டதாம், தெரிந்தவர் யாரோ அதுவரை கொண்டுவந்து ஒரு கடையில் கொடுத்து வைத்திருக்கிறாராம், இவர் சைக்கிளில் போயிருக்கிறார் என்றாள் அவர் மனைவி. நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று அல்ல. அந்த யோசனை எனக்கு வரவில்லையே என்றும் அல்ல. இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறதே என்று.

மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். நேராகத் தன் வீட்டுக்குப் போய்க் கிழவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. சட்டை முழுக்கப் புளிய இலை.

“பெரிய வூட்ல வெச்சிதான் போட்டுக்கணும்னு மாமாகிட்ட சொல்லிட்டேண்ணே. நீங்களே போட்டு வுடுங்க,” என்று கண்ணாடிக் கூட்டை என்னிடம் நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டபோது அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. அதையும் அவரே செய்துவிட்டார். எனக்கு விட்டுக்கொடுக்கிற பெருமையைக்கூட எடுத்துக்கொண்டார்.

“எத்தனை மரம் கிடந்தது?” என்றேன். வேறு பேச்சு வரவில்லை.

“எவன் எண்ணுனான்? கண்ணாடின்னு சொன்னேன், மரம் வெட்னவங்களே சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வெச்சாங்க. ஒரு எடத்துல மட்டும் நானே தூக்கிக்கினு வுழுந்துட்டேன்.”

கூட்டைத் திறந்தேன். சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி. மாமனாரைத் தொட்டிக்கு நேரே நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியை அவர் காதில் மாட்டினேன். சாக்கை இழுப்பதற்குள் அவர் தலையைத் திருப்பிவிட்டார். கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள்.

“இன்னாம்மா,” என்றார். “தலையெல்லாம் இப்படி நரச்சிப் போச்சி?”

“உனக்கு இப்பதான் தெரியுதா நைனா?” என்று சிரித்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு நரைத்திருந்தது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. எண்ணிப் பார்க்காத ஒன்று அது.

சாக்கை இழுத்தேன். விளக்கைப் போட்டேன். தண்ணீர் தெளிந்திருந்தது. கண்ணாடி இருப்பதே தெரியாத தெளிவு. மஞ்சள் வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்து, மீன்கள் கங்காகச் சிவந்து மெதுவாகத் திரும்பின. என் வீட்டில். என் மூன்றடித் தொட்டியில். மாமனார் குனிந்து, விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

“ஏழு,” என்றார்.

“எட்டு மாமா.”

“ஏழுதான் மாப்ள. அதோ மூணு, கல்லாண்ட ரெண்டு, மேல ரெண்டு.”

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். சகலை தொட்டி மேசைக்குப் பின்னால் குனிந்து கையை விட்டார். நான் மூடியைக் கழற்றிய அன்றே துள்ளி விழுந்திருக்க வேண்டும். சருகு போலக் காய்ந்திருந்தது. அதை ஒரு தாளில் எடுத்து மடித்துக் கொல்லைப்பக்கம் கொண்டு போனார்.

அன்றிலிருந்து மாமனார் என் வீட்டிலேயே தங்கினார், மூன்று நாள். தொட்டிப் பக்கம் அதிகம் போகவில்லை. மகளோடு பேசிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் பேருந்து ஓட ஆரம்பித்ததும் ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு காதுகுத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் என் மாமனாரின் பங்காளி. நான் யார் என்று தெரியாமலே கிழவரின் கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

“சின்ன மாப்ள கீறாரே, மரமெல்லாம் தாண்டி சைக்கிள்ல போய்க் கண்ணக் கொண்டாந்தாராம். பாக்கறவங்ககிட்ட எல்லாம் அதத்தான் சொல்லிக்கினு கீறாரு.”

“பெரிய மாப்பிள்ளை?” என்று கேட்டேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அவரு வூட்ல ஏழு மீனு கீதாம்,” என்றார்.